உப்பு நீரில் சாகும் புழு: நார்வே ஆறுகளில் ஓர் ஒட்டுண்ணியின் அரை நூற்றாண்டு

நார்வே மொழியில் ‘லாக்ஸ்’ என்றால் சால்மன் மீன், ‘எல்வா’ என்றால் ஆறு. அந்நாட்டின் வடபகுதியில், நூர்லான் மாவட்டத்து மிஸ்வார் என்னும் ஊரருகே ஓடும் லாக்செல்வா பெயருக்கேற்ற ஆறாகவே இருந்து வந்தது. 1975ஆம் ஆண்டில் அந்த ஆற்றின் சால்மன் குஞ்சுகள் மேலெல்லாம் பூஞ்சை படர்ந்து மடிவது கவனிக்கப்பட்டது. பூஞ்சையே நோய் என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் தோலையும் துடுப்புகளையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள தட்டைப்புழுக்கள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தன. பூஞ்சை, அவை உண்டாக்கிய புண்களின் வழியே பின்னால் வந்து சேர்ந்தது. அதே ஆண்டில், பல நூறு கிலோமீட்டர் தெற்கே, சுன்டால்சோரா என்னும் இடத்தில் இருந்த மீன் குஞ்சுப் பொரிப்பகத்திலும் அதே புழு கண்டறியப்பட்டது. இந்த இரண்டு இடங்களையும் இணைப்பது எது என்ற கேள்வியிலிருந்துதான் இந்த நிகழ்வு தொடங்குகிறது.

புழுவின் பெயர் ஜைரோடாக்டைலஸ் சலாரிஸ். அதை 1957இல் முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோரான் மால்ம்பெரி. சுவீடனில் பால்டிக் கடலின் பக்கமாக ஓடும் இன்டால்செல்வன் ஆற்றங்கரையில், ஹோல்லெ என்னும் இடத்து ஆய்வகத்தில் வளர்ந்த சால்மன்களின் மேல் அவர் அதைக் கண்டார். அந்தப் பதிவில் பேரழிவின் அறிகுறி எதுவும் இல்லை. ஒரு மீனின் மேல் ஒரு புழு, அவ்வளவுதான். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, மலைத்தொடரின் மறுபக்கத்தில், அதே புழு ஓர் ஆற்றின் சால்மன் தலைமுறையையே துடைத்தெடுத்தது. புழு அதேதான், மீனும், உயிரியல் வகைப்பாட்டின்படி, அதே இனம்தான். ஒரு கரையில் அமைதியாக வாழ்ந்தது மறுகரையில் கொலையாளியாக மாறியது எப்படி என்பதே இந்த ஆய்வின் நடுக்கேள்வி.

புழுவின் வாழ்க்கை

ஒட்டுண்ணிகளைப் பற்றிப் பேசும்போது நமக்குப் பழக்கமான சித்திரம், நத்தைக்குள் ஒரு பருவம், மீனுக்குள் ஒரு பருவம், பறவைக்குள் ஒரு பருவம் என்று வீடு மாறிச் செல்லும் சிக்கலான வாழ்க்கைதான். இந்தப் புழுவுக்கு அந்தச் சிக்கல் எதுவும் இல்லை. இதற்கு இடைநிலை ஓம்புயிரி கிடையாது, முட்டை கிடையாது, கெட்டியான உறைக்குள் பதுங்கிக் காலம் கடத்தும் உறக்கநிலையும் கிடையாது. உடலின் பின்முனையில் உள்ள தட்டு போன்ற பற்றுறுப்பால் மீனின் தோலைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தட்டின் நடுவில் இரண்டு பெரிய கொக்கிகளும் விளிம்பைச் சுற்றிப் பதினாறு சிறு கொக்கிகளும் உண்டு. முன்முனையால் வளைந்து தோலைத் தொட்டு, தொண்டையை வெளியே நீட்டி, செரிமானச் சாறைக் கக்கி, சளியையும் மேல்தோல் செல்களையும் உறிஞ்சும். ஒரு புழு உண்டாக்கும் புண் மிகச் சிறியது. ஆயிரக்கணக்கில் சேரும்போதுதான் மீனின் தோல் தன் வேலையை விட்டுவிடுகிறது. உடலின் உப்பு நன்னீருக்குள் கசிந்துவிடாமல் காப்பதும் பூஞ்சையைத் தடுப்பதும் அந்தத் தோலின் வேலைகள்.

ஆயிரக்கணக்கில் சேர்வதற்கான வழியும் புழுவின் உடலிலேயே இருக்கிறது. இது குட்டி போடும் புழு. பிறக்கும் குட்டியின் வயிற்றுக்குள் ஏற்கெனவே ஒரு கரு வளர்ந்துகொண்டிருக்கும், அந்தக் கருவுக்குள்ளும் அடுத்த தலைமுறையின் தொடக்கம் இருக்கும். ஆராய்ச்சியாளர்கள் இதை, ஒன்றைத் திறந்தால் உள்ளே இன்னொன்று வரும் ரஷ்ய மரப்பொம்மையோடு ஒப்பிடுவது வழக்கம். முதல் குட்டிக்குத் துணையே தேவையில்லை. ஆகவே ஒரே ஒரு புழு ஒரு மீனின் மேல் வந்து சேர்ந்தாலும், ஒரு புதிய ஆற்றில் ஒரு குடியேற்றம் தொடங்கிவிடும். நீர் குளிராக இருந்தால் வாழ்நாள் நீளும், 2.6 பாகை செல்சியசில் ஏறத்தாழ ஒரு மாதம் வாழும் புழு, 19 பாகையில் நான்கைந்து நாளில் தன் வாழ்வை முடித்துக்கொள்ளும். ஆனால் அந்தக் குறுகிய நாட்களுக்குள்ளேயே அது குட்டி போட்டு முடித்திருக்கும்.

இத்தனை வேகத்தோடு ஒரு பெரிய பலவீனமும் சேர்ந்தே வருகிறது. மீனை விட்டு விழுந்த புழு, குளிர்ந்த நீரிலும்கூட ஒரு வாரத்தைத் தாண்டாது. கடல்நீர் அதற்கு நஞ்சு. முழு உப்புள்ள நீரில் ஒரு மணி நேரத்துக்குள் இறந்துவிடும். ஆனால் உப்புக் குறைந்த கலப்பு நீரில், அதுவும் குளிராக இருக்கும்போது, பல நாள் தாங்கும். நார்வேயின் கடற்கரை ஃபியோர்டுகளால் ஆனது. கடல் மலைகளுக்கிடையே நெடுந்தொலைவு உள்ளே நுழைந்து நிற்கும் குறுகிய ஆழமான நீர்நிலைகள் அவை. வசந்தத்தில் பனி உருகி ஆறுகள் பெருகும்போது, ஃபியோர்டின் மேற்பரப்பில் நன்னீர் ஒரு படலமாகப் பரவி நிற்கும். அந்தப் படலத்தில் நீந்தும் மீன், ஓர் ஆற்றின் புழுவைப் பக்கத்து ஆற்றுக்குச் சுமந்து செல்ல முடியும். திறந்த கடலைத் தாண்டித் தொலைவில் உள்ள ஆற்றுக்குப் புழுவை எடுத்துச் செல்ல மீனால் முடியாது. அதற்கு மனிதன் வேண்டும்.

தடம் பிடித்தவர்கள்

சால்மனின் வாழ்வை அறியாமல் இந்த அழிவின் கணக்கு புரியாது. ஆற்றின் சரளைக்கற்களுக்குள் முட்டை பொரிந்து வெளிவரும் குஞ்சு, இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்வரை ஆற்றிலேயே வளர்ந்து, பிறகு உடல் வெள்ளியாக மாறிக் கடலுக்குப் புறப்படும்; கடலில் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் பெருத்து, பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்பி வரும். புழு கொல்வது ஆற்றில் இருக்கும் குஞ்சுகளை. அதனால் ஓர் ஆற்றில் தொற்று நுழைந்த ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் தூண்டில்காரர்களுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. கடலில் இருந்த மீன்கள் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும். பிறகுதான் வரத்து குறையும். சாதாரணமாகக் கடலைக் குறை சொல்வார்கள், வலையைக் குறை சொல்வார்கள். காரணம் சில ஆண்டுகளுக்கு முன்பே, கவனிப்பாரற்ற விரல்நீளக் குஞ்சுகளிடம் நடந்து முடிந்திருக்கும்.

பியோர்ன் ஊவே யோன்சன், ஆர்னே யென்சன் ஆகிய இருவரும் செய்த வேலை இந்த இடத்தில் முக்கியமானது. லாக்செல்வாவின் குஞ்சுகளுக்கு நேர்ந்ததை 1978இல் யோன்சன் எழுதினார். பின்னர் இருவரும் சேர்ந்து, தொற்று கண்ட ஆறுகளின் பட்டியலையும், பொரிப்பகங்களிலிருந்து எந்த ஆற்றில் எப்போது குஞ்சுகள் விடப்பட்டன என்ற பதிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். ஆய்வகக் கருவி எதுவும் தேவைப்படாத, பொறுமை மட்டுமே தேவைப்பட்ட வேலை இது. 1986இலும் 1991இலும் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைகள் காட்டிய தடம் தெளிவாக இருந்தது. 1970களில் பால்டிக் பகுதியிலிருந்து, குறிப்பாகச் சுவீடனிலிருந்து, வாங்கி வந்த சால்மன் குஞ்சுகளோடு புழு நாட்டுக்குள் வந்தது. தொற்றிய பொரிப்பகங்களிலிருந்து ஆற்று வளத்தைப் பெருக்கும் நல்ல நோக்கத்தோடு விடப்பட்ட குஞ்சுகளோடு அது ஆறுகளுக்குள் போனது. அங்கிருந்து ஃபியோர்டின் நன்னீர்ப் படலம் வழியே அண்டை ஆறுகளுக்குப் பரவியது. வானவில் ட்ரௌட் வளர்ப்புப் பண்ணைகள் இன்னொரு வழி. அந்த மீன் நோயின் அறிகுறியே காட்டாமல் புழுவைச் சுமக்கக்கூடியது. பின்னாளில் புழுக்களின் மைட்டோகாண்ட்ரிய மரபணுவை ஒப்பிட்டபோது, புழு ஒரே முறை அல்ல, தனித்தனியாகப் பல முறை நாட்டுக்குள் வந்திருக்கிறது என்பதும் தெரியவந்தது.

வெஃப்ஸ்னா, ஸ்கிபோட்ன், ரவுமா, டிரிவா, ஸ்டெயின்ஷர், டிராம்மன், லேர்டால் என்று பட்டியல் நீண்டது. காலப்போக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆறுகளிலும் 39 பொரிப்பகங்களிலும் பண்ணைகளிலும் புழு கண்டறியப்பட்டது. தொற்றிய ஆறுகளில் சால்மன் குஞ்சுகளின் அடர்த்தி சராசரியாக 86 விழுக்காடும், பிடிபடும் சால்மனின் அளவு 87 விழுக்காடும் குறைந்ததாக மதிப்பிடப்பட்டது. பொரிப்பகங்களிலும் பண்ணைகளிலும் தொற்றை ஒழிப்பது ஒப்பீட்டளவில் எளிது: மீன்களை அகற்றித் தொட்டிகளை உலரவிட்டால் புழு இருக்காது. ஓர் ஆற்றை உலரவைக்க முடியாது.

ஒரே இனம், இரண்டு விதி

ஓஸ்லோவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டோர் பாக்கேயின் ஆராய்ச்சி இந்த நிகழ்வின் அறிவியல் மையம். அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1990இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. ரஷ்யாவின் நேவா ஆற்று மரபைச் சேர்ந்த பால்டிக் சால்மன்களையும், நார்வேயின் ஆல்டா, லோனே மரபுகளைச் சேர்ந்த சால்மன்களையும் ஒரே சூழலில் வைத்து, ஒரே புழுவைத் தொற்றவைத்து, ஒவ்வொரு மீனின் மேலும் உள்ள புழுக்களை நாள்தோறும் என்று சொல்லத்தக்க அளவில் விடாமல் எண்ணிக்கொண்டே போனார்கள். நார்வே மீன்களின் மேல் எண்ணிக்கை நிற்காமல் ஏறியது. நேவா மீன்களின் மேல் தொடக்கத்தில் ஏறி, பிறகு இறங்கி, பல மீன்களில் அற்றே போனது. மீனின் தோல் ஏதோ ஒரு விதத்தில் பதில் சொல்கிறது. நார்வே மீனின் தோலுக்கு அந்தப் பதில் தெரியவில்லை.

இந்த முடிவு ஒரு கவர்ச்சியான கதையைக் கையில் கொடுத்தது. பனியுகத்துக்குப் பின் பால்டிக் பகுதியில் தனித்துப்போன சால்மன்கள் புழுவோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கூடி வாழ்ந்து, அதைத் தாங்கக் கற்றுக்கொண்டன. அட்லாண்டிக் பக்கத்துச் சால்மன்கள் அதைப் பார்த்ததே இல்லை, எனவே மாண்டன. 1993இல் ஸ்காட்லாந்து மரபுச் சால்மன்களைச் சோதித்தபோது அவையும் நார்வே மீன்களைப் போலவே புழுவுக்கு இடங்கொடுத்தன; கதை உறுதிப்பட்டது போலத் தோன்றியது. பிரிட்டனும் அயர்லாந்தும் உயிருள்ள சால்மன் வகை மீன்களை இறக்குமதி செய்வதில் இன்றுவரை காட்டும் கண்டிப்புக்குப் பின்னால் இந்த அச்சமே இருக்கிறது.

பாக்கேயின் மதிப்பு, தன் கதையைத் தானே சோதித்துப் பார்த்ததில் இருக்கிறது என்பது என் எண்ணம். 2004இல் அவருடைய குழு இன்டால்செல்வன் ஆற்றுச் சால்மன்களைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. மால்ம்பெரி புழுவுக்குப் பெயரிட்ட அதே ஆறு. பால்டிக் மீன் என்றால் தாங்கும் என்ற கணக்குச் சரியானால், இந்த ஆற்று மீன்கள்தான் எல்லாரையும்விடச் சிறப்பாகத் தாங்க வேண்டும். அவை தாங்கவில்லை, நார்வே மீன்களுக்கு மிக அருகில் வரும் அளவுக்குப் புழு அவற்றின் மேலும் பெருகியது. ‘பால்டிக்’, ‘அட்லாண்டிக்’ என்ற இரண்டு பெட்டிகள் போதாது என்பது இதனால் தெளிவாயிற்று. ஒவ்வோர் ஆற்றின் மீனும் தன் வரலாற்றைத் தனியே சுமக்கிறது. புழுவின் பக்கத்திலும் இதே நிலைதான்: தெற்கு நார்வேயில் போல்ஸ்பூஃபியோர்டன் என்னும் ஏரியில், கடலுக்கே போகாத ஆர்க்டிக் சார் மீன்களின் மேல் வாழும் ஒரு புழு வகை, தோற்றத்தில் ஜைரோடாக்டைலஸ் சலாரிஸ் ஆகவே இருந்தும், சால்மனுக்குக் கேடு செய்வதாகத் தெரியவில்லை. நோய் என்பது புழுவிடமும் இல்லை, மீனிடமும் இல்லை. குறிப்பிட்ட புழுவும் குறிப்பிட்ட மீனும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அந்தச் சந்திப்புகளை ஏற்பாடு செய்தவை மீன் ஏற்றிச் சென்ற வண்டிகள்.

மீனைக் கொன்று மீனைக் காப்பது

மருந்து என்ற சொல்லைப் பயன்படுத்தவே தயங்க வேண்டிய ஒரு முறையைத்தான் நார்வே தேர்ந்தெடுத்தது. புழு மீன் இல்லாமல் ஒரு வாரம்கூட வாழாது. எனவே ஆற்றில் உள்ள அத்தனை மீன்களையும் கொன்றுவிட்டால் புழு தானாக அழியும். இதற்குப் பயன்பட்ட ரோட்டினோன் என்னும் பொருள், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த சில வெப்பமண்டலக் கொடிகளின் வேரிலிருந்து கிடைப்பது. வேரையும் விதையையும் அரைத்து நீரில் கலந்து மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் உலகின் பல பகுதிகளில் தொன்றுதொட்டு உள்ளது, நம் ஊர்ப்பக்கத்தில் காக்கைக்கொல்லி விதையைப் பயன்படுத்துவதைப் போல. ரோட்டினோன் செல்களின் மூச்சையே நிறுத்திவிடும். செவுள் வழியே வேகமாக உள்ளே போவதால் மீன்களுக்கு மிகக் கொடியது. 1981இல் மேற்கு நார்வேயின் விக்யா ஆற்றில் முதன்முதலாக இப்படிச் செய்யப்பட்டது.

இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று எண்ணுவது இயல்பு. அப்படி எண்ணியவர்கள் நார்வேயிலும் இருந்தார்கள். ஆனால் கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். புழு உள்ள ஆற்றில் குஞ்சுகள் எப்படியும் பெரும்பாலும் சாகப்போகின்றன, ஆண்டுக்காண்டு, முடிவில்லாமல். அதோடு அந்த ஆறு பக்கத்து ஆறுகளுக்கும் புழுவைக் கொடுத்துக்கொண்டிருக்கும். கொல்வதற்கு முன்பாகவே அந்த ஆற்று மரபைக் காப்பாற்றி வைப்பதற்கான ஏற்பாடும் செய்யப்பட்டது. 1986இல் காட்டுச் சால்மனுக்கான தேசிய மரபணு வங்கி தொடங்கப்பட்டது. ஆண் மீன்களின் விந்து உறைநிலையில் சேமிக்கப்பட்டது, பிறகு உயிருள்ள மீன்களாகவே ஒவ்வோர் ஆற்று மரபும் தனித்தனியே தொட்டிகளில் வளர்க்கப்பட்டது. ஆறு தூய்மையானதும் அதே ஆற்றின் முட்டைகளும் குஞ்சுகளும் அங்கேயே திரும்ப விடப்படும். கடலில் இருக்கும் மீன்களும் உதவின: உப்பு நீர் அவற்றின் மேலிருந்த புழுக்களை ஏற்கெனவே கொன்றிருக்கும், அவை தூய மீன்களாகத் தூய ஆற்றுக்குத் திரும்பும். பூச்சிகளும் பாதிக்கப்பட்டன, ஆனால் பெரும்பாலானவை சிறகு முளைத்துப் பறக்கும் பருவம் உடையவை, நஞ்சு கலக்கப்படாத மேலாறுகளிலிருந்து விரைவில் வந்து சேர்ந்தன. இந்த ஆறுகளில் வாழும் நன்னீர் முத்துச் சிப்பியின் கதை சற்று வேறு. அதன் இளம்பருவம் சால்மனின் அல்லது ட்ரௌட்டின் செவுளில் ஒட்டுண்ணியாகத் தொங்கித்தான் வளர முடியும். ஓர் ஒட்டுண்ணியை ஒழிக்க மீனைக் கொல்லும்போது, காக்கப்பட வேண்டிய இன்னோர் ஒட்டுண்ணி வீடிழக்கிறது.

முறை எளிது, செயல்படுத்துவது எளிதல்ல. ஆற்றின் முதன்மை ஓட்டத்தில் நஞ்சைக் கலப்பது பெரிய காரியம் இல்லை; சிக்கல் ஓரங்களில்தான். கரையோரச் சேற்றுக் குட்டைகள், நிலத்தடி நீர் ஊறிவரும் மூலைகள், வயலிலிருந்து வரும் சிறு வாய்க்கால்கள் ஆகியவற்றில் நஞ்சு சேராத ஒரு கையளவு நீரில் பத்துக் குஞ்சுகள் தப்பினாலும், அவற்றில் ஒன்றின் மேல் ஒரு புழு இருந்தாலும் போதும். இதன் விலையை மிகக் கசப்பாக அறிந்த ஆறு லேர்டால். சோங்னஃபியோர்டில் வந்து விழும் இந்த ஆறு, சால்மன் தூண்டிலுக்காக நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. 1996இல் அங்கே புழு கண்டறியப்பட்டது. 1997இல் ரோட்டினோன் கலக்கப்பட்டது. 1999இல் புழு திரும்பவும் கண்ணில் பட்டது. ஸ்டெயின்ஷர் பகுதியிலும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இதே ஏமாற்றம்தான். வெஃப்ஸ்னாவின் பகுதியில் இன்னொரு வகையான ஒளிவிடம் இருந்தது: ஃபுஸ்ட்வாத்னெட் என்னும் ஏரியின் ஆர்க்டிக் சார் மீன்களின் மேல் புழு வாழ்ந்துகொண்டிருந்ததை 2010இல்தான் கண்டார்கள். ஆற்றை எத்தனை முறை கழுவினாலும் ஏரி திரும்பத் திரும்பத் தொற்றைக் கொடுத்திருக்கும். கடைசியில் ஏரிகளுக்கே ரோட்டினோன் கலக்க வேண்டியதாயிற்று.

தோல்விகளிலிருந்து இரண்டு பாடங்கள் செயல்முறையாகின. முதலாவது, ஓர் ஆற்றைத் தனியே எடுத்துக்கொள்ளாமல், ஒரே ஃபியோர்டின் நன்னீர்ப் படலத்தால் இணைந்த எல்லா ஆறுகளையும் ஒரே தொற்றுப் பகுதியாகக் கொண்டு, ஒரே காலத்தில், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் கையாள்வது. முதல் ஆண்டில் தவறிய மூலையை இரண்டாம் ஆண்டு பிடிக்கும். இரண்டாவது, கலப்பதற்கு முன்பே ஆற்றின் ஒவ்வொரு ஊற்றையும் வாய்க்காலையும் கால்நடையாக நடந்து வரைபடத்தில் குறிப்பது. அறிவியல் கட்டுரைகளில் இரண்டு வரியில் கடந்துபோகும் இந்த வேலைதான், என் பார்வையில், முடிவை மாற்றியது.

புழுவை மட்டும் கொல்லும் வழி

லேர்டாலின் தோல்விக்குப் பிறகு, மீனை விட்டுவிட்டுப் புழுவை மட்டும் கொல்ல முடியுமா என்ற கேள்வி வலுத்தது. இதற்கான விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அமில மழையால் தெற்கு நார்வேயின் ஆறுகளில் அலுமினியம் கரைந்து மீன்கள் இறந்தது அந்நாட்டின் பெரிய சூழல் துயரங்களில் ஒன்று. அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக, மீனைக் கொல்லாத அளவுக் கரைந்த அலுமினியமே இந்தப் புழுவைக் கொன்றுவிடும் என்பது தெரியவந்தது. இலேசாக அமிலமாக்கிய நீரில் அலுமினியம் சல்பேட்டைத் துல்லியமான அளவில் பல நாட்கள் தொடர்ந்து கலந்தால், மீன்கள் உயிரோடிருக்கும், புழுக்கள் உதிரும். ஒரு காலத்தில் ஆறுகளைக் கொன்ற பொருள் இன்னொரு காலத்தில் அளந்து ஊற்றப்பட்டது.

லேர்டாலில் 2005இலும் 2006இலும் இது செய்யப்பட்டது. 2007இல் புழு மீண்டும் தென்பட்டது. 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் மறுபடியும் செய்தார்கள். அதன் பிறகு புழு காணப்படவில்லை; 2017இல் லேர்டால் தொற்றற்ற ஆறாக அறிவிக்கப்பட்டது. முதல் கண்டுபிடிப்பிலிருந்து 21 ஆண்டுகள், மூன்று முயற்சிகள். ரோட்டினோன் பக்கத்திலும் இதே காலத்தில் வெற்றிகள் வந்தன: ஸ்டெயின்ஷர் பகுதி 2014இலும், வெஃப்ஸ்னா பகுதி 2017இலும், ரவுமா பகுதி 2019இலும், ஸ்கிபோட்ன் பகுதி 2022இலும் விடுதலை பெற்றன. கடைசி முறை கலந்த பிறகு ஐந்து ஆண்டுகளாவது, குஞ்சுகளைப் பிடித்து ஒவ்வொரு துடுப்பையும் நுண்ணோக்கியில் பார்த்து, ஒரு புழுவும் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே அறிவிப்பு வரும்.

டிரிவா ஆறு வேறொரு புதிரை வைத்தது. சால்மன் ஏறிச்செல்லும் தொலைவு அங்கே மிக அதிகம். அத்தனை நீளத்தையும் ஒரே நேரத்தில் கையாள்வதில் தவறு நேரும் வாய்ப்பும் அதே அளவுக்கு அதிகம். எனவே ஆற்றையே குறுக்கினார்கள். ஸ்னோவாஸ்மேலன் என்னும் இடத்தில் மீன் ஏற முடியாத தடுப்பணை ஒன்று 2017இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு மேலே சிக்கிய குஞ்சுகள் வளர்ந்து கடலுக்கு இறங்கும்வரை ஐந்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். அதற்குள் மேலாற்றில் சால்மன் இல்லாமல் போகும், சால்மன் இல்லாவிட்டால் புழுவும் நிலைக்காது. பிறகு 2022, 2023 ஆண்டுகளில் அணைக்குக் கீழுள்ள பகுதியில் மட்டும், இம்முறை குளோரின் சேர்மத்தைக் கொண்டு, புழு நீக்கம் நடந்தது. அலுமினியத்தைவிட மிகக் குறைந்த அளவில் வேலை செய்வது இதன் சிறப்பு. அமிலமாக்கும் தேவையும் இல்லை. ஒரு பெரிய ஆற்றில் இப்படிச் செய்தது புதிய முயற்சி. ஒட்டுண்ணியின் ஆயுளை அல்ல, ஓம்புயிரியின் ஆற்றுப் பருவத்தை அளவுகோலாக வைத்துத் திட்டம் தீட்டியதே இதில் நான் வியக்கும் இடம்.

இடையில், மீனின் தாங்குதிறனையே வளர்த்தெடுக்கலாமே என்ற யோசனையும் எழுந்தது. டிராம்மன் ஆற்றுச் சால்மன்களில் புழுவைத் தாங்கிப் பிழைக்கும் தன்மை ஓரளவு மரபுவழி வருகிறது என்று இனப்பெருக்க ஆய்வுகள் காட்டின. தேர்ந்தெடுத்து வளர்த்தால் சில தலைமுறைகளில் முன்னேற்றம் வரலாம். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. வெஃப்ஸ்னாவில் முப்பதாண்டுக்கு மேலாக இயற்கையே இந்தத் தேர்வை நடத்தியும் மீன்கள் மீளவில்லை. மேலும், தாங்கி வாழும் மீன் என்பது புழுவை விடாமல் வைத்திருந்து அண்டை ஆறுகளுக்கு வழங்கும் மீன் என்றும் பொருள்படும். வானவில் ட்ரௌட் அந்த வேலையைத்தான் செய்தது.

டிராம்மன் பகுதிதான் இப்போது மீதமிருக்கும் பெரிய கேள்வி. நார்வேயின் மிகப் பெரிய ஆறுகளுள் ஒன்று அது. நகரங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவே ஓடுவது. சால்மன் அல்லாத பல இன மீன்களுக்கும் வீடு. இவ்வளவு நீரில் இவ்வளவு உயிர்களுக்கிடையே ரோட்டினோனைப் பற்றி யாரும் எளிதில் பேச முடியாது. அதனால்தான் டிரிவாவில் குளோரின் என்ன செய்தது என்பதை அத்தனை பேர் கூர்ந்து கவனிக்கிறார்கள். அங்கே பிடிக்கப்படும் விரல்நீளக் குஞ்சுகளின் துடுப்புகள், கொக்கிகள் பதினாறும் இரண்டும் கொண்ட அந்த அரை மில்லிமீட்டர் உருவத்தைத் தேடி, ஒவ்வொன்றாகப் பார்க்கப்பட்டு வருகின்றன.